அலுமினியத் தகட்டில் எந்த வன்மை நிலையைத் தெரிவது: இளக்கியதா, இடைநிலையா, கடுமையாக உருட்டியதா?

யாழ்ப்பாணத்துத் தகட்டு வேலைப் பட்டறைகளிலும் தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவர்களிடமும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே கலப்புலோகம், ஒரே தடிப்பு, ஏறத்தாழ ஒரே விலை. ஆனால் ஒரு தகட்டின் முதுகில் ‘ஓ’ (சூடேற்றி இளக்கியது) என்றும், இன்னொன்றில் ‘எச் 32’ (இடைநிலை) என்றும், மற்றொன்றில் ‘எச் 18’ அல்லது ‘எச் 38’ (கடுமையாக உருட்டியது) என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. குருநகரில் மீன் ஏற்றும் பெட்டிக்கு எது பொருந்தும், லாண்ட்மாஸ்டர் எனும் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டி அடித்தளத்துக்கு எது பொருந்தும், புட்டுப்பானை அடிக்கிறவர் எதை வாங்க வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர், வன்மை கூடியதை வாங்கினால் கூடுதல் காலம் உழைக்கும் என்ற எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி. தகடு கடையில் கிடக்கும்போது எவ்வளவு வலிமையுடையது என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யக்கூடாது. வாங்கிய பின்னர் அதை எப்படி வளைக்கப் போகிறோம், எங்கே சூடேற்றப் போகிறோம், எந்த வெயிலிலும் உப்புக்காற்றிலும் விடப் போகிறோம் என்பதைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

எவற்றைக் கொண்டு ஒப்பிடுவது

முதலாவது அளவுகோல் இளகு தகைப்பு, அதாவது தகடு மீண்டும் பழைய நிலைக்கு வராமல் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு. ஒரு பெட்டியின் பக்கம் இடிபட்டால் குழி விழுமா விழாதா என்பதைத் தீர்மானிப்பதில் தடிப்போடு சேர்ந்து நிற்பது இதுவே. இரண்டாவது, முறிவதற்கு முன்னர் தகடு எத்தனை வீதம் நீளும் என்பது. வளைக்கும் வேலையும் குழிவாக அடிக்கும் வேலையும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. மூன்றாவது, வெல்டிங் செய்த பின்னர் எவ்வளவு வலிமை மிஞ்சும் என்பது. நான்காவது, அதிர்வையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையையும் தாங்குதல். ஐந்தாவது, கடற்காற்றும் வெயிலும். இவற்றோடு, விலைச்சீட்டில் தெரியாத செலவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: வெடித்து வீணாகும் துண்டுகள், கூடுதலாகத் தேவைப்படும் வளைவு ஆரை, சூடேற்றும் வாயு, வேலை நேரம்.

இப்பட்டியலில் விறைப்பு இல்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஒரு தகடு சுமையின்கீழ் எவ்வளவு தொய்யும் என்பது அதன் மீள்தன்மைக் குணகத்தைப் பொறுத்தது. அலுமினியக் கலப்புலோகங்களில் அது ஏறத்தாழ 70 கிகாபஸ்கல். உருட்டினாலும் இளக்கினாலும் அந்த எண் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. ஆகவே பெட்டியின் மூடி தொய்கிறது என்பதற்காக இன்னும் வன்மையான தகட்டை வாங்குவது வீண்செலவாகும். தொய்வைக் குறைக்க வேண்டுமானால் தடிப்பைக் கூட்ட வேண்டும், அல்லது தகட்டில் வரி அழுத்த வேண்டும், அல்லது உட்புறத்தில் சட்டம் வைக்க வேண்டும். 1.5 மில்லிமீற்றரிலிருந்து 2 மில்லிமீற்றருக்குப் போனால் நிறை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் விறைப்பு, தடிப்பின் மும்மடி விகிதத்தில் ஏறுவதால், இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும். எட்டடிக்கு நாலடித் தகடு 1.5 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 12 கிலோவும், 2 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 16 கிலோவும் இருக்கும்.

தகட்டுக்குள் நடப்பது

அலுமினியத்தைச் சூடேற்றாமல் உருளைகளுக்கிடையே செலுத்தி மெலிதாக்கும்போது, அதன் பளிங்குமணிகள், அதாவது உலோகம் உள்ளே பிரிந்திருக்கும் நுண்ணிய மணிகள், நசுங்கி நீள்கின்றன. அவற்றுக்குள் அணு அடுக்கில் இருக்கும் ஒழுங்குக் குறைகள் பெருகி, ஒன்றையொன்று சிக்கவைத்து, மேலும் நகர முடியாமற் போகின்றன. இதனால் தகடு வன்மையடைகிறது, நீளும் திறனை இழக்கிறது. போதிய வெப்பம் கொடுத்தால் அந்தச் சிக்கல் அவிழ்ந்து, முதலில் ஓரளவு மீட்சியும் பின்னர் முற்றிலும் புதிய பளிங்குமணிகளும் தோன்றுகின்றன. வன்மை போய் இளக்கம் திரும்புகிறது. கன்னாதிட்டியில் நகை செய்பவர்கள் வெள்ளிக் கம்பியை இழுக்கும்போது இடையிடையே நெருப்புக் காட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். 1100, 3003, 5052, 5083 போன்ற கலப்புலோகங்கள் உருட்டல் ஒன்றினாலேயே வன்மை பெறுபவை. எனவே அவற்றில் இந்த இரண்டு செயல்களுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. 6061 போன்றவை வேறு வகை, அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

கீழுள்ள அட்டவணை, கடற்கரைப் பகுதிகளில் பரவலாகப் பயன்படும் 5052 கலப்புலோகத்துக்குரிய வழமையான பெறுமானங்களைத் தருகிறது. தகைப்பு அளவுகள் மெகாபஸ்கலில் உள்ளன. இழுவை வலிமை என்பது முறிவதற்கு முன்னர் தகடு தாங்கும் உச்சத் தகைப்பு.

| வன்மை நிலை | இளகு தகைப்பு | இழுவை வலிமை | நீட்சி | களைப்பு வலிமை |
|---|---|---|---|---|
| ஓ (முழுதும் இளக்கியது) | 90 | 195 | 25% | 110 |
| எச் 32 (கால் வன்மை) | 195 | 230 | 12% | 115 |
| எச் 34 (அரை வன்மை) | 215 | 260 | 10% | 125 |
| எச் 38 (முழு வன்மை) | 255 | 290 | 7% | 140 |

இந்த அட்டவணையின் கடைசி நிரலைப் பலரும் பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஓ நிலையிலிருந்து எச் 38 வரை இளகு தகைப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆனால் கோடிக்கணக்கான அதிர்வுகளைத் தாங்கும் களைப்பு வலிமை 110இலிருந்து 140க்குத்தான் ஏறுகிறது. குண்டும் குழியுமான ஒழுங்கையில் ஓடும் வண்டியின் பெட்டியோ, படகு எஞ்சின் அருகே பொருத்தப்பட்ட தகடோ வெடிப்பது பெரும்பாலும் களைப்பினால்தான். அத்தகைய வெடிப்புக்கு முழு வன்மைத் தகடு மருந்தாகாது. துளைகளின் ஓரத்தைச் சீவி மழமழப்பாக்குவதும், கூர்மையான மூலைகளை வட்டமாக்குவதும் அதைவிடக் கூடுதல் பயன் தரும்.

முழுதும் இளக்கிய தகடு: ஓ நிலை

குழிவான பாத்திரம், ஆழமாக அழுத்தும் வேலை, உருளையில் சுழற்றி வடிவமெடுக்கும் வேலை ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு நல்ல தெரிவு இல்லை. புட்டுப்பானைக்கும் இட்லிச்சட்டிக்கும் வரும் வட்டத் தகடுகள் பொதுவாகத் தூய்மை கூடிய அலுமினியமாக அல்லது 3003 ஆக, இளக்கிய நிலையிலேயே இருக்கும். அடிக்க அடிக்க அந்தத் தகடே வன்மையேறிவிடுவதால், முடிந்த பானையின் சுவர், தொடங்கிய தகட்டைவிடப் பலமானதாக இருக்கும். மென்மையான தகடு வாங்கினால் மென்மையான பொருள்தான் கிடைக்கும் என்று அஞ்சுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குறை எங்கே என்றால், வடிவம் மாற்றாமல் தட்டையாகவே விடப்படும் பகுதியில் ஆகும். அங்கே உருட்டலும் இல்லை, அடியும் இல்லை. இளகு தகைப்பு 5052இல் 90 மெகாபஸ்கல், தூய அலுமினியத்தில் அதிலும் பாதிக்குக் குறைவு. ஐஸ் கட்டியொன்று மூலை படிய விழுந்தாலே குழி விழும். மக்னீசியம் கலந்த தகடுகளை இளக்கிய நிலையில் சற்றே இழுத்து வடிவமாக்கும்போது மேற்பரப்பில் தீச்சுவாலை போன்ற தழும்புகள் தோன்றுவதும் உண்டு. பூச்சுப் பூசும் வேலையானால் அவை மறைந்துவிடும். பளபளப்பாகவே விடுவதானால் வாடிக்கையாளர் கேள்வி கேட்பார்.

முழு வன்மைத் தகடு: எச் 18, எச் 38

இளக்கிய பின்னர் ஏறத்தாழ 75 வீதம் மெலியும்வரை உருட்டினால் கிடைக்கும் நிலை இது. 1100 தகட்டில் இழுவை வலிமை 90இலிருந்து 165 மெகாபஸ்கலுக்கு ஏறுகிறது. நீட்சி 35 வீதத்திலிருந்து 5 வீதத்துக்கு இறங்குகிறது. தட்டையாகப் பாவிக்கும் தகட்டுக்கு, றிவெற் அடித்துப் பொருத்தும் பெயர்ப்பலகைக்கு, சுவர்ப் பக்கத்து மறைப்புகளுக்கு இது நல்லது. மெலிந்த தகட்டிலேயே குழி விழாமை கிடைப்பதால் நிறையும் பணமும் மிஞ்சும்.

ஆனால் இதன் மறைசெலவுகள் மற்றெல்லாவற்றையும்விடக் கூடியவை. வளைவு ஆரை முதலாவது. 1.6 மில்லிமீற்றர் 5052 தகட்டை ஓ நிலையில் கூர் மூலையாகவே மடிக்கலாம். எச் 32இல் தடிப்பளவு அல்லது ஒன்றரை மடங்கு ஆரை வேண்டும். எச் 38இல் இரண்டு, மூன்று மடங்கு ஆரை வேண்டும். பட்டறையிலுள்ள வளைக்கும் இயந்திரத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால், மடிப்பின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு வந்தே தீரும். உருட்டிய திசையும் இங்கே கணக்கில் வருகிறது: மடிப்புக் கோடு உருட்டிய திசைக்கு இணையாக ஓடினால் வெடிப்பு விரைவில் வரும், குறுக்கே ஓடினால் தாங்கும். தகட்டை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்தால் மெல்லிய நீளக் கீறல்கள் தெரியும். அவைதான் உருட்டிய திசை. இந்தக் கீறல்களைப் பார்க்காமல் வெட்டுக் கோடு போடுவது, நல்ல தகட்டைக் கழிவாக்கும் வழி.

இரண்டாவது செலவு வெல்டிங். உருட்டலால் வந்த வன்மை வெப்பத்தின் முன்னால் நிற்காது. ஒட்டுக் கோட்டின் இரு பக்கமும் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் அகலத்துக்குத் தகடு இளகிவிட்டதாகவே வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தப் பட்டையில் எச் 38 தகட்டின் வலிமை ஓ நிலைத் தகட்டின் வலிமையை ஒத்ததாகிவிடும். நான்கு மூலையும் வெல்டிங் செய்யும் ஒரு தண்ணீர்த் தொட்டியில், சுமை கூடிய இடம் அந்த மூலைகள்தான் என்றால், வன்மைக்காகக் கொடுத்த பணம் அவ்வளவும் தேவைப்படாத நடுப்பகுதியில்தான் கிடக்கிறது.

இடைநிலை: எச் 14, எச் 24, எச் 32, எச் 34

இங்கே இரண்டு பாதைகள் உள்ளன. இளக்கிய தகட்டை அரைவாசி வன்மை வரும்வரை மட்டும் உருட்டினால் எச் 14. அதைவிடக் கூடுதலாக உருட்டி, பின்னர் மிதமாகச் சூடேற்றி அதே இழுவை வலிமைக்கு இறக்கினால் எச் 24. எண்ணில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தாலும், பகுதியளவு இளக்கிய எச் 24 சற்றுக் கூடுதலாக நீளும். மடிப்பு வேலை உள்ள இடத்தில் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் எச் 24ஐயே எடுப்பேன். மக்னீசியம் கலந்த தகடுகளை உருட்டி அப்படியே விட்டால், அவை அறை வெப்பநிலையிலேயே காலப்போக்கில் மெல்ல மெல்ல வன்மை இழக்கும். அதைத் தடுக்க ஆலையில் குறைந்த வெப்பத்தில் சூடேற்றி நிலைப்படுத்துவார்கள். எச் 32, எச் 34 என்பவற்றிலுள்ள மூன்று என்ற இலக்கம் அதையே குறிக்கிறது.

என் தீர்ப்பில், நமது பகுதியில் செய்யப்படும் மீன் பெட்டி, வண்டிப் பெட்டி, கருவிப் பெட்டி, படகுக்குள் பொருத்தும் தாங்கி ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 5052 எச் 32 போதும். ஓ நிலையோடு ஒப்பிட்டால் இளகு தகைப்பு இரண்டு மடங்குக்கு மேல், மடிப்பதற்கு வேண்டிய நீட்சியும் கையில் இருக்கிறது. எச் 34 வாங்குவதற்குக் காரணம் வேண்டும்: மடிப்புகள் குறைவாகவும் ஆரை பெரிதாகவும் இருந்து, இடிபடும் தட்டைப் பரப்பு கூடுதலாக இருந்தால் அது பொருந்தும்.

கடும் உருமாற்றம் பெற்ற நுண்மணித் தகடு

மாணவர்கள் ஆய்வுக்கு விரும்பித் தெரிவு செய்யும் பகுதி இதுவே ஆகையால், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண உருட்டலில் தகடு மெலிந்துகொண்டே போவதால் உருமாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் சைட்டோ, சுஜி முதலிய ஆய்வாளர்கள் 1990களின் பிற்பகுதியில் அந்த எல்லையைக் கடக்க ஒரு வழி காட்டினார்கள். தகட்டின் முகத்தை எண்ணெய் போகத் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒரே ஓட்டத்தில் பாதித் தடிப்புக்கு உருட்டினால், இரண்டும் ஒட்டிக்கொண்டு பழைய தடிப்புள்ள ஒரே தகடாகும். அதை நடுவே வெட்டி மீண்டும் அடுக்கி மீண்டும் உருட்டலாம். எட்டுச் சுற்று முடிந்தால் அத்தகட்டில் 256 படைகள் இருக்கும், தடிப்பு மாறியிருக்காது.

ஒவ்வொரு சுற்றும் தரும் சமான விகாரம், அதாவது உருமாற்றத்தின் அளவு, 0.8. முழு வன்மைத் தகடு பெறும் 75 வீத மெலிவு இரண்டு சுற்றுக்குத்தான் சமம், அதாவது 1.6, எட்டுச் சுற்று 6.4. அந்த அளவில் பளிங்குமணிகள் நீண்ட நாராக இராமல், ஒரு மைக்ரோமீற்றருக்கும் சிறிய தனித்தனி மணிகளாக உடைகின்றன. மணி சிறுத்தால் வலிமை கூடும் என்பது உலோகவியலில் நன்கு நிறுவப்பட்ட உறவு. இவ்வாறு செய்த 1100 தகட்டின் இழுவை வலிமை 300 மெகாபஸ்கலைத் தாண்டியது. அதே கலப்புலோகத்தின் எச் 18 நிலையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆனால் நீட்சி இங்கே மிகவும் குறுகிவிடுகிறது. இழுக்கும்போது ஓரிடம் மெலிந்தால், அந்த இடம் வன்மையேறித் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். நுண்மணித் தகட்டில் அவ்வாறு வன்மையேறும் திறன் தீர்ந்துபோயிருப்பதால், மெலிந்த இடமே மேலும் மெலிந்து முறிகிறது. இளக்கி நீட்சியை மீட்கலாமா என்று பார்த்தால், மணிகள் ஒரு மைக்ரோமீற்றர் அளவைத் தாண்டி வளர்ந்த பின்னரே நீட்சி நன்றாகத் திரும்புகிறது. அதற்குள் வலிமையின் பெரும்பகுதி போய்விடுகிறது. இரண்டையும் ஒருங்கே நிறுத்தும் வெப்பநிலைச் சாளரம் மிக ஒடுங்கியது.

இன்னும் வியப்பானதொன்று உண்டு. ஹுவாங், ஹான்சன், சுஜி ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நுண்மணி அலுமினியத்தை 150 பாகை செல்சியசில் அரை மணி நேரம் சூடேற்றியபோது அது இளகவில்லை. இளகு தகைப்புக் கூடி, நீட்சி குறைந்தது. பின்னர் அதைச் சிறிதளவு உருட்டியபோது வலிமை சற்று இறங்கி நீட்சி திரும்பியது. வழமையான தகட்டில் நடப்பதற்கு இது நேர் எதிர். மணிகள் அவ்வளவு சிறியனவாக இருக்கும்போது, உருமாற்றத்தைத் தொடக்கிவைக்கும் ஒழுங்குக் குறைகளைச் சூடு துடைத்துவிடுவதால் தகடு நிரந்தரமாக உருமாறத் தொடங்குவதற்குக் கூடிய தகைப்பு வேண்டியிருக்கிறது. சிறிய உருட்டல் அவற்றை மீண்டும் உள்ளே கொண்டுவருகிறது. ஆகவே பாடநூலில் படித்த இளக்கல் விதியை நுண்மணித் தகட்டுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

நடைமுறையில், இந்தத் தகடு கடையில் வாங்கும் பொருளன்று. ஒரே ஓட்டத்தில் பாதித் தடிப்பைக் குறைக்கும் வலிமையுள்ள உருட்டு ஆலை வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரம் வெடிப்பதால் அதைச் சீவ வேண்டும். மேற்பரப்புத் துப்புரவு சற்றுப் பிசகினாலும் படைகள் பின்னர் பிரிந்துவரும். வெல்டிங் செய்தால் அந்த வலிமை அவ்விடத்தில் அடியோடு போகும். ஆய்வுகூடத்தில் சிறு துண்டுகளில் நுண்ணமைப்பைப் படிப்பதற்கு இது அருமையான பொருள். பட்டறைத் தேவைக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். மாணவர் ஒருவர் உள்ளூரில் கிடைக்கும் சிறிய உருளைகளைக்கொண்டு ஆய்வு செய்ய விரும்பினால், எச் 18 தகட்டைத் துண்டுகளாக வெட்டி, 150 முதல் 400 பாகை வரை வெவ்வேறு வெப்பநிலைகளில் சூடேற்றி, வன்மையும் நீட்சியும் எங்கே சரிகின்றன என்று அளப்பது செலவு குறைந்ததும் முடிவு தெளிவானதுமான வேலையாகும்.

வன்மையானதை வாங்கிப் பட்டறையில் இளக்குவது

கையில் எச் 14 தகடு இருக்கிறது, ஒரு மூலையை மட்டும் குழிவாக அடிக்க வேண்டும் என்றால் இது நியாயமான வழி. 1100, 5052, 5083 ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 345 பாகையும், 3003க்கு ஏறத்தாழ 415 பாகையும் போதும். தகடு முழுதும் அந்தச் சூட்டை அடைந்தால் சரி, நீண்ட நேரம் வைத்திருக்கத் தேவையில்லை. இவ்வகைக் கலப்புலோகங்களில் தண்ணீரில் அமிழ்த்தினாலும் காற்றில் ஆறவிட்டாலும் வேறுபாடு இல்லை.

ஆபத்து என்னவென்றால், அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது; தூய அலுமினியம் 660 பாகையில் உருகும், கலப்புலோகங்கள் அதற்கு முன்னரே உருகத் தொடங்கும், எந்த எச்சரிக்கை நிறமும் வராமல் தகடு தொங்கி விழும். இதற்குத் தகட்டுக்காரர்கள் பாவிக்கும் பழைய உபாயம், உலர்ந்த சவர்க்காரக் கட்டியால் தகட்டில் கோடு இழுப்பது. தீச்சுவாலையை மறுபக்கத்திலிருந்து அசைத்துக் காட்டிக்கொண்டே இருந்தால், வெள்ளைக் கோடு முதலில் மஞ்சளாகி, பின்னர் கபில நிறமாகி, கறுக்கத் தொடங்கும். அந்தக் கணத்தில் சுவாலையை எடுத்துவிட வேண்டும். ஓரிடத்திலேயே சுவாலையை நிறுத்தினால் அங்கே மணிகள் பருத்து, பின்னர் வளைக்கும்போது மேற்பரப்பு தோடம்பழத் தோல்போல் சொரசொரப்பாகும். மிகச் சிறிதளவே உருமாறிய தகட்டை இளக்கினாலும் இதே விளைவு வரும்.

6061, 6063 தகடுகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றின் வலிமை கரைசலாக்கிக் குளிர்த்து முதிரவைத்ததால் வந்தது. ஒருமுறை சுவாலை காட்டினால் டி 6 எனப்படும் அந்த முதிர்ந்த நிலை போய்விடும். அடித்து அதை மீட்க முடியாது. எந்தக் கலப்புலோகம் என்று தெரியாத பழைய தகட்டைச் சூடேற்றி நம்பிப் பாவிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடலும் வெயிலும் இருக்கும் இடத்தில்

படகு உடலுக்கு 5083 நல்லது என்பது உண்மை. அதில் மக்னீசியம் 4.0 முதல் 4.9 வீதம் வரை உண்டு. ஆனால் மூன்று வீதத்துக்கு மேல் மக்னீசியம் உள்ள தகடு 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நீண்ட காலம் இருந்தால், மணிகளின் எல்லைகளில் மக்னீசியம் நிறைந்த படிவுகள் தோன்றி, உப்புநீரில் அந்த எல்லைகளே அரித்துப்போகும். கூடுதலாக உருட்டப்பட்ட தகட்டில் இது விரைவாக நடக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் கறுப்புப் பூச்சுப் பூசிய மேல்தளம் அந்த எல்லையை நெருங்கக்கூடும். எஞ்சின் புகைக்குழாய் அருகே கேட்கவே வேண்டாம். எனவே 5083இல் வன்மையைத் தேடி உருட்டு நிலையைக் கூட்டாமல், கடற்பாவனைக்கென்று அரிப்புச் சோதனை செய்து விற்கப்படும் எச் 116 அல்லது எச் 321 நிலையையே கேட்க வேண்டும்; வெளிர் நிறப் பூச்சும் பூச வேண்டும். சூடு கூடிய இடத்துக்கு, மக்னீசியம் மூன்று வீதத்துக்குக் குறைந்த 5052 பாதுகாப்பானது. ஐஸ் போடும் மீன் பெட்டிக்கும் அது போதும்.

வாங்கும் நாளில்

முழுத் தகட்டையும் வெட்டுவதற்கு முன்னர், ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலத்தில் இரண்டு கீலங்கள் எடுக்க வேண்டும்: ஒன்று உருட்டிய திசையில் நீளமாக, மற்றொன்று அதற்குக் குறுக்காக. வைசில் இறுக்கி, வேலைக்கு வேண்டிய ஆரையுள்ள கம்பியைச் சுற்றித் தொண்ணூறு பாகைக்கு மடித்து, வெளிவளைவைப் பார்க்க வேண்டும். மேற்பரப்பு மழமழப்பாகவே இருந்தால் தகடு அந்த ஆரைக்குப் போதும். மங்கிச் சொரசொரத்தால் எல்லைக்கு அருகில் நிற்கிறோம். குறுக்கே நுண்ணிய கோடு ஒன்று திறந்தால், ஆரையைக் கூட்ட வேண்டும் அல்லது ஒரு படி இளகிய நிலையைக் கேட்க வேண்டும். ஒரு கீலம் தாங்கி மற்றது வெடித்தால் தகட்டை மாற்றத் தேவையில்லை. வெட்டும் திசையை மாற்றினால் போதும். கடையில் சொல்லும்போது ‘நல்ல கெட்டித் தகடு’ என்று கேட்காமல், கலப்புலோக எண், வன்மை நிலை, தடிப்பு ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்து, தகட்டில் ஆலை அச்சிட்ட குறியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். குறியுள்ள பகுதியைக் கடைசித் துண்டாக விட்டு வெட்டினால், மிச்சத் தகடு அடுத்த வேலைக்கு எடுக்கும்போதும் என்ன தகடென்று தெரியும்.